தும்பைக்குறிச்சியார் மூளை தேர்ந்தெடுத்த கதை

அன்று பிற்பகல் மூன்று மணிக்குத் தும்பைக்குறிச்சி வாசகசாலையில் இருந்தவர்கள் ஐவர். தலைவர் பேச்சிமுத்து: முடிவெடுப்பதற்கென்றே பிறந்தவர், எதைப் பற்றிய முடிவு என்பதை மட்டும் பிறரிடம் கேட்டுக்கொள்வார். செயலாளர் தளவாய்: பத்தொன்பது ஆண்டுகளாக வாசகசாலை மேசையின்மேல் தலையை வைத்துப் பகல் முழுவதும் உறங்கிவருபவர். மாவு மில் நடத்தும் இசக்கியம்மாள்: சந்தேகம் எழுப்புவது அவர் பொறுப்பு. ஓய்வுபெற்ற தபால்காரர் சுடலைக்கண்ணு: எழுத்தில் வந்ததை எழுத்துப்படி நம்புபவர், 'நாய் ஜாக்கிரதை' என்று எழுதியிருந்த வீட்டில், அந்த நாய் அவ்வளவு ஜாக்கிரதையானதா என்று பார்க்கப் போய்க் கடிபட்டவர்.

ஐந்தாமவர் உறுப்பினர் அல்லர். பேருந்து நிறுத்தத்து ஓட்டலில் பதினோரு ஆண்டுகளாகச் சர்வராக இருக்கும் அணைஞ்சபெருமாள், கூட்டத்துக்கு வடையும் காப்பியும் கொண்டுவந்திருந்தார்.

வடைத் தட்டை வைத்துவிட்டு, நாலு நாற்பது டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பது தவிர அவருக்கு அன்று வேறு வேலை இல்லை. அதற்கென ஓட்டலில் விடுப்பும் வாங்கிவிட்டார். டவுனில் தங்கை வீட்டில் மகள் பொன்னுத்தாயைப் பெண் பார்க்க ஆறு மணிக்கு வருகிறார்கள். இதே மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே இருமுறை வந்து, பெண்ணின் தகப்பனாரைக் காணாமல் திரும்பியவர்கள். முதல் முறை ஓட்டலில் முகூர்த்தநாள் கூட்டம்; இரண்டாம் முறை கிரைண்டர் பழுதாகி அவர் கையால் மாவாட்ட நேர்ந்தது. மூன்றாம் முறையும் தகப்பனார் வராவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள். ஆகவே அணைஞ்சபெருமாளின் தோளில் ஒரு மஞ்சள் பை தொங்கியது. பைக்குள் மடிப்புக் கலையாத வேட்டி ஒன்று இருந்தது.

அவர் தட்டை வைத்துவிட்டுத் திரும்பியபோதுதான் சுடலைக்கண்ணு கடிதத்தைப் பிரித்தார்.

கடிதம் சென்னையிலிருந்து வந்திருந்தது. எழுதியவள் அவ்வூர்ப் பெண் வான்மதி; கணினி நிறுவனமொன்றில் பொறியாளர். வாசகசாலைக்கு ஒரு கணினி வாங்கித் தர முன்வந்திருந்த அவள், ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தாள். சுடலைக்கண்ணு அதை வீட்டு வாசலில் நின்று தந்தி படிக்கும் குரலில் படித்தார்:

"'பிராசஸர் என்பது கணினியின் மூளை. டெஸ்க்டாப் மூளை வேண்டுமா, சர்வர் மூளை வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். டெஸ்க்டாப் மூளை ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு சட்டென்று முடித்துவிடும். சர்வர் மூளையோ ஒரே நேரத்தில் பலர் கேட்பதற்கு ஈடுகொடுக்கும். தவறு நேர்ந்தால் தானே திருத்திக்கொள்ளும். ஓய்வில்லாமல் ஓடும், அதனால் சூடேறும், குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டும். எவ்வளவு லோடு தாங்க வேண்டும் என்று பார்த்துவிட்டு, இன்று மாலைக்குள் எனக்குப் போன் செய்யுங்கள்.'"

தளவாயின் குறட்டை மட்டும் தன் கடமையைச் செய்தது.

"சர்வர்னு சொல்லுதாளே, அது நம்ம பெருமாளுதானே?" என்றார் தலைவர்.

"ஊர்ல வேற யாரு அண்ணாச்சி சர்வரு?" என்றார் சுடலைக்கண்ணு.

வாசற்படியில் ஒரு கால் வைத்திருந்த அணைஞ்சபெருமாள் அந்தக் காலை எடுத்து உள்ளே வைத்தார். பதினோரு ஆண்டுகளில் அவர் கையைப் பற்றிப் பேசியவர்கள் உண்டு, காலைப் பற்றிப் பேசியவர்கள் உண்டு. மூளையைப் பற்றி ஒருவர் எழுதியது இதுவே முதல் தடவை. அதுவும் சென்னையிலிருந்து. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், மூன்றே கால். பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். அவரும் தும்பைக்குறிச்சிக்காரர்தான் என்பதை மறந்துவிடலாகாது.

"சர்வர் மூளை புரியுது. டெஸ்க்டாப்புன்னா என்ன?" என்றார் இசக்கியம்மாள்.

"டெஸ்க்குன்னா மேசை. டாப்புன்னா மேல. மேசை மேல இருக்கிற மூளை," என்றார் சுடலைக்கண்ணு.

நால்வரும் மேசையைப் பார்த்தார்கள். மேசையின்மேல் ஒரு மைக்கூடும், ஒரு தினசரியும், தளவாயின் தலையும் இருந்தன. மைக்கூட்டில் மூளை இருக்க வழியில்லை. தினசரியைப் பற்றி விவாதம் எழுந்தது. பழைய தினசரி என்பதால் அதுவும் தள்ளப்பட்டது.

"அப்போ தளவாயி தலைதான்," என்று தலைவர் தீர்ப்பளித்தார். "பத்தொம்பது வருசமா மேசை மேலயே இருக்கு. அனுபவம் உள்ள மூளை."

போட்டியாளர்கள் இருவரும் இவ்வாறு உறுதியானபின், லோடு கொடுத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. வாசகசாலையில் கனமான பொருள், கெட்டி அட்டை போட்ட கலைக்களஞ்சியம் ஒன்றே. ஒருவரும் பிரிக்காததால் ஒன்பது தொகுதிகளும் முழு எடையுடன் இருந்தன. முதல் ஐந்தைத் தளவாயின் தலைமேல் அடுக்கினார்கள். தளவாய் அசையவில்லை. ஆறாவதை வைத்ததும் குறட்டையின் சுருதி சற்றே தாழ்ந்தது.

"லோடு தாங்குது," என்றார் சுடலைக்கண்ணு. "ஆனா பதில் வரல."

"தாங்குனா போதுமாவே? திண்ணையும்தான் தாங்கும், சுவரும்தான் தாங்கும்," என்றார் இசக்கியம்மாள்.

அடுத்து அணைஞ்சபெருமாள். புத்தகங்களைத் தலையில் வைக்க வந்த தலைவரை அவர் புறங்கையால் விலக்கினார். இடக்கையை நீட்டினார், உள்ளங்கையில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று, முழங்கைவரை நான்கு, அதற்குமேல் தோள்வரை மூன்று, ஆக ஒன்பது தொகுதிகளையும் நெய்ரோஸ்ட்டுத் தட்டுகளைப்போல் ஏற்றிக்கொண்டு, அறையை இருமுறை சுற்றிவந்து, ஒரு தாள் மடங்காமல் ஆறைப் பழையபடி தளவாயின் தலைமேலும், மற்ற மூன்றை மூவர் மடியிலும் இறக்கினார். இறக்கிவிட்டு, "வேற என்ன?" என்று கேட்டார்.

சபை மெய்சிலிர்த்தது.

"பலர் ஒரே நேரத்துல கேக்கணும்னு எழுதியிருக்கு," என்று நினைவூட்டினார் சுடலைக்கண்ணு.

மூவரும் எழுந்து நின்று ஒரே மூச்சில் கேட்டார்கள். தலைவர் தம் நிலப் பட்டா எப்போது வரும் என்றார். இசக்கியம்மாள் மில்லுக்குப் புது மின் இணைப்பு என்னாயிற்று என்றார். சுடலைக்கண்ணு தம் மருமகனின் பரீட்சை முடிவு என்ன என்றார்.

அணைஞ்சபெருமாள் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு, மூவரையும் முறையே பார்த்தார்.

"அஞ்சே நிமிசம் அண்ணாச்சி. அக்கா, உங்களுது அடுப்புல இருக்கு. தாத்தா, அது தீந்துபோச்சு."

தலைவர் நெகிழ்ந்துபோனார். "தாலுகா ஆபீசுல நாலு வருசமா இதே பதிலைத்தான்வே சொல்லுதான். இம்மி மாறல! இதுதான் அசல் சர்வரு."

"தவறைத் தானே திருத்திக்கிடுமா?" என்று கேட்டார் இசக்கியம்மாள்.

"போன மாசம் ஊத்தப்பம் கேட்ட எனக்குப் பூரி வச்சாரு," என்றார் சுடலைக்கண்ணு. "நான் வாய் திறக்கல. அவரே வந்து, பூரியை எடுத்துட்டு ஊத்தப்பம் வச்சாரு. பூரியில ஒரு வாய்தான் குறைஞ்சிருந்துச்சு."

அதற்குமேல் சாட்சியம் தேவைப்படவில்லை. சர்வர் மூளையே என்று தீர்மானம் நிறைவேறியது. கடிதத்தின்படி அவரைக் குளிர்ச்சியாக வைப்பதற்காக, இசக்கியம்மாள் குடத்துத் தண்ணீரில் ஒரு துணியை நனைத்து அவர் தலையில் போட்டார். சுடலைக்கண்ணு ஏழாம் தொகுதியால் விசிறினார். தண்ணீர் சட்டைக்குள் இறங்கிய பிறகே அணைஞ்சபெருமாளுக்குக் கடிகாரம் நினைவுக்கு வந்தது. நாலேகால்.

"அப்ப நான் வாரேன் அண்ணாச்சி," என்றார் அவர். "டவுனுக்குப் போகணும்."

விசிறி நின்றது.

"எங்க போகணும்?" என்றார் தலைவர், மெதுவாக.

"டவுனுக்கு."

இசக்கியம்மாள் நெஞ்சில் கைவைத்தார். "நான் நினைச்சேன்! எல்லா சர்வருக்கும் இதே வியாதிதான். பேங்குல பாக்கலையா? வாரத்துல மூணு நாளு 'சர்வர் டவுன்'னு எழுதிப் போட்டுருதாக. அந்த மனுசனுக்கு டவுன்ல அப்படி என்னதான் சோலியோ! சனம் பூரா வெயில்ல நிக்கி."

"அக்கா, என் மகளைப் பொண்ணு பாக்க வாராக. ரெண்டு தடவை தப்பிப்போச்சு."

"பேங்கு சர்வரும் இப்படித்தான் ஒரு காரணம் சொல்லுவாரு."

"கடுதாசியில 'ஓய்வில்லாமல் ஓடும்'னு இருக்கு," என்று சுடலைக்கண்ணு விரல் வைத்துக் காட்டினார். "ஓடும்னா இங்கனயே ஓடணும். டவுனுக்கு ஓடும்னு போடல."

"போதாக்குறைக்கு இவரு பேரைப் பாத்தியளா?" என்றார் இசக்கியம்மாள். "ஓயாம ஓட வேண்டிய சர்வருக்கு அணைஞ்ச பெருமாளுன்னு பேரு! பேருலயே அணைஞ்சு கிடக்கு. எரிஞ்சபெருமாளுன்னு மாத்தணும்."

பாட்டனார் பெயரை மாற்ற அணைஞ்சபெருமாள் உடன்படவில்லை. கதவை நோக்கி நடந்தார். சுடலைக்கண்ணு கதவில் சாய்ந்து நின்றுகொண்டார். நாற்பது ஆண்டுகள் தபால் சுமந்த முதுகு அது. ஒன்பது தொகுதி தூக்கிய கையாலும் அதை நகர்த்த இயலவில்லை. மணி நாலு இருபது. அணைஞ்சபெருமாள் மஞ்சள் பையை மார்போடு பிடித்துக்கொண்டார். ஓட்டலில் எத்தனையோ பேரிடம் 'அஞ்சே நிமிசம்' என்று சொன்னவர். ஐந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

"வான்மதிகிட்டயே கேட்டிருவோம்," என்று தலைவர் போனை எடுத்து ஒலியைக் கூட்டி வைத்தார்.

சென்னையில் வான்மதியின் அலுவலகத்துக்கு நாள்தோறும் நாற்பது பேர் போன் செய்து ஒரே செய்தியைச் சொல்வது வழக்கம். அதனால், பேசுவது யார் என்று கேளாமலே பதில் சொல்லும் பழக்கம் அவளுக்கு உண்டாகியிருந்தது.

"எம்மா, சர்வர் டவுனு..." என்று தலைவர் தொடங்கினார்.

"சர்வர் டவுனா? பதறாதீங்க சார். ஒரு தடவை அணைச்சிட்டு, பத்து நிமிஷம் அப்படியே விட்ருங்க. அதுவரைக்கும் ஜனங்க வந்து நிக்காம வெளியில 'சர்வர் டவுன்'னு ஒரு போர்டு மாட்டிருங்க. சரியாயிடும்." போன் அணைந்தது.

தலைவர் போனைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகக் கீழே வைத்தார்.

"படிச்ச புள்ளை படிச்ச புள்ளைதான். சர்வருக்கு மனசு சரியில்லன்னு எப்படிக் கண்டுபிடிச்சா பாருங்க! அணைச்சுக்கிடச் சொல்லுதா."

அவர் எழுந்து, ஈரத் துணியோடு நின்ற அணைஞ்சபெருமாளைக் கட்டி அணைத்துக்கொண்டார். பிறகு சுடலைக்கண்ணுவைப் பார்த்தார். சுடலைக்கண்ணு கதவை விட்டு வந்து மறுபுறம் அணைத்தார்.

"நான் பொம்பளை. நான் போர்டு எழுதுதேன்," என்றார் இசக்கியம்மாள்.

இரு முதியவர்களுக்கு நடுவில் அணைஞ்சபெருமாள் மூச்சுவிடப் பார்த்தார். ஒருவர் தோளில் மூக்குப்பொடி வாசனை. மற்றவர் தோளுக்கு மேலாகக் கடிகாரம். நாலு இருபத்தெட்டு.

"எத்தனை நேரம்வே அணைக்கணும்?"

"அதைச் சொல்லலியே அண்ணாச்சி. 'ஒரு தடவை'ன்னுதான் சொன்னா."

"ஒரு தடவை ஆயிப்போச்சா?"

"விட்டாத்தானே தெரியும், ஒரு தடவையான்னு."

இது அவர்களை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. சிந்தித்து முடித்து அவர்கள் விட்டபோது மணி நாலு முப்பத்திரண்டு. "இனி பத்து நிமிசம் அப்படியே விடணும்," என்று இருவரும் இரண்டடி பின்வாங்கி, கதவை மறித்துக் கைகட்டி நின்றார்கள். நாலு முப்பத்திரண்டோடு பத்தைக் கூட்டினால் என்ன வரும் என்பது ஓட்டல் சர்வருக்குத் தெரியாததன்று.

இதற்குள் இசக்கியம்மாள், மூலையில் கிடந்த பெட்டியின் அட்டையில் கொட்டை எழுத்தில் 'சர்வர் டவுன்' என்று எழுதி, வாசகசாலை வாசலில் மாட்டிவிட்டு வந்தார். அட்டை கதவில் மோதிய ஓசையில் தளவாயின் தலைமேல் இருந்த ஆறாம் தொகுதி சரிந்தது. அதைத் தொடர்ந்து ஐந்தும் விழுந்தன. பத்தொன்பது ஆண்டுகளில் முதன்முறையாகத் தளவாய் அலுவல் நேரத்தில் கண்விழித்தார்.

வாசலில் இருந்த அட்டையைப் பார்த்தார். தலையில் துணியோடு அறை நடுவே நின்ற சர்வரைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"போர்டுல சர்வர் டவுன்னு இருக்கு. சர்வரு இங்கன நிக்காரு," என்றார். "வாசகசாலை போர்டு பொய் சொல்லலாமா?"

சொல்லிவிட்டு, தலையை மீண்டும் மேசைமேல் வைத்துக்கொண்டார்.

"ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு சட்டென்று முடித்துவிடும்," என்று சுடலைக்கண்ணு கடிதத்தைப் பார்த்து முணுமுணுத்தார். தலைவர் மேசையைப் பார்த்த பார்வையில் பக்தி இருந்தது. தேர்ந்தெடுத்த மூளை தவறிவிட்டதோ என்ற ஐயம் தும்பைக்குறிச்சி வரலாற்றில் முதன்முதலாக எழுந்தது.

தெருமுனையில் பஸ்ஸின் ஹாரன் ஒலித்தது.

மூவரும் அணைஞ்சபெருமாளை நோக்கித் திரும்பினார்கள். "என்னவே இன்னும் நிக்கீரு?" என்றார் தலைவர், மானம் போன குரலில். "எங்களைப் பொய்யராக்கவா? யாராவது வந்து போர்டைப் படிச்சிட்டு உம்மைப் பாத்தா வாசகசாலை மரியாதை என்னாகும்?"

அணைஞ்சபெருமாள் தலையிலிருந்த ஈரத் துணியை எடுத்துப் பிழிந்து, நான்காக மடித்து, காலியான வடைத் தட்டின்மேல் வைத்தார். மஞ்சள் பையைத் தோளில் மாட்டினார். வாசலில் கோணலாகத் தொங்கிய அட்டையை, மேசை துடைத்த பழக்கத்தால், ஒரு விரலால் நேராக்கினார். பிறகு, நெற்றியில் 'டவுன்' என்று எழுதியிருந்த பஸ்ஸை நோக்கி இறங்கி நடந்தார்.