இருவாச்சி கேட்ட சொல்

அந்தக் காலத்தில், பறவை கேட்டால் மனிதன் பதில் சொன்ன காலத்தில், ஆசைக்கு ஒரே ஒரு சொல்தான் இருந்தது. தேனுக்கு அலையும் கரடிக்கும் அதே சொல். மடி முட்டும் கன்றுக்கும் அதே சொல். செத்துப்போன பிள்ளையின் கிலுகிலுப்பையைத் தூக்கி எறிய மனம் வராத தாய்க்கும் அதே சொல்தான். அது போதாது என்று யாருக்கும் தோன்றவில்லை.

பொதியில் மலையின் ஒரு குகையில் விமலசேனர் என்ற பிக்கு தங்கியிருந்தார். குகைக்கு எதிரே நின்ற உயர்ந்த மரத்தின் பொந்தில் ஒரு பெண் இருவாச்சி முட்டையிட்டிருந்தாள். இருவாச்சிப் பறவைகளின் வழக்கம் அப்போதும் இதுதான். பெண் உள்ளே போனதும் மண்ணையும் எச்சத்தையும் குழைத்துப் பொந்தின் வாயைப் பூசிக்கொள்வாள். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் இருக்கும். உள்ளே அவள் இறகுகள் உதிர்ந்துவிடும். புது இறகு முளைக்கும்வரை ஆண் கொண்டுவந்து ஊட்டுவதுதான் அவளுக்குச் சாப்பாடு.

ஒரு நாள் ஆண் இருவாச்சி கிழக்குச் சரிவில் நன்றாகப் பழுத்த அத்தி மரம் ஒன்றைக் கண்டான். வயிறு நிறையத் தின்றான். பிறகு அவளுக்காகத் தொண்டையில் பழங்களைச் சேர்த்துக்கொண்டு கிளம்பினான். வழியில் ஒன்றை விழுங்கினான். பிறகு இன்னொன்று. பொந்துக்கு வந்து சேர்ந்தபோது தொண்டையில் எதுவும் இல்லை.

"என்ன, மலையில் அத்தி பழுப்பதை நிறுத்திவிட்டதா?" என்று கீறல் வழியே அவள் கேட்டாள்.

"குரங்குகள் முந்திக்கொண்டன."

"அலகில் சாறு இன்னும் காயவில்லை. துடைத்துக்கொண்டு பொய் சொல்லக் கூடாதா?" அவள் சிரித்துவிட்டாள். "சரி போ. நாளைக்கு எனக்கும் கொஞ்சம் மிச்சம் வை."

அவள் அதோடு அதை மறந்துவிட்டாள். அவனால் முடியவில்லை. நேராகக் குகைக்குப் போனான்.

"அடிகளே, ஆசை என்னைத் திருடனாக்கிவிட்டது. என்ன செய்வது?"

விமலசேனர் கிழிந்த ஆடையைத் தைத்துக்கொண்டிருந்தார். "ஆசையை விட்டுவிடு. அது எழும்போது அசையாமல் இரு. தானே அடங்கும்" என்றார்.

எந்த ஆசை, யாரைப் பற்றியது என்று அவர் கேட்கவில்லை. ஊசியில் நூல் நுழைய மறுத்தது. அவர் கண் அதிலேயே இருந்தது.

ஆண் இருவாச்சி குகைக்கு மேலிருந்த பாறையில் போய் உட்கார்ந்தான். அத்தி வாசனை வந்தது. அசையவில்லை. வெயில் சாய்ந்தது. பொந்துக்குப் போகும் நேரம் என்று இறக்கைகள் தாமாக விரிந்தன. அதுவும் ஆசைதானே என்று அவற்றை மடக்கிக்கொண்டான். இரண்டாம் நாள் அவள் கூப்பிடும் குரல் கேட்டது. நெஞ்சு துடித்தது. அதையும் அடக்கினான். அந்த வழியாகப் போன விமலசேனர் நிமிர்ந்து பார்த்து, "நன்று" என்றார்.

மூன்றாம் நாள் ஒரு கருமந்தி வந்து அவன் எதிரே குந்தியது.

"என்ன மச்சான், பெண்டாட்டி சுவருக்குள் அடைந்து கிடக்க, நீ இங்கே தவமா?"

"அவளும் ஆசைதான்."

"நீ ஆசைப்படாவிட்டால் அவளுக்குப் பசிக்காதா? அதைச் சொல்லு முதலில்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். கருமந்தி முணுமுணுத்துக்கொண்டே போய், நான்கு அத்திப் பழங்களைப் பறித்துவந்து கீறலில் நீட்டியது. உள்ளிருந்து அலகு பாய்ந்து அதன் விரலைக் கொத்தியது.

"முட்டை திருடும் கை எனக்குத் தெரியும். அவர் வருவார், நீ போ" என்றாள்.

ஆறாம் நாள் கூப்பிடும் குரல் நின்றது. கருமந்தி குகைக்கு ஓடியது. "சாமி, உங்கள் சீடன் ஜெயித்துவிட்டான். வந்து பாருங்கள்."

விமலசேனர் மரத்தை அடைவதற்குள் ஆண் இருவாச்சி வந்துவிட்டான். அந்த அமைதி பாறை வரைக்கும் எட்டியிருந்தது. அலகால் மண்ணை இடித்து உடைத்தான். உள்ளே அவள் இறகில்லாத இறக்கைகளை முட்டையின் மேல் விரித்தபடி கிடந்தாள். முட்டை குளிர்ந்திருந்தது.

வெகுநேரம் கழித்து அவன் கீழே இறங்கி வந்தான்.

"அடிகளே, வழியிலேயே பழத்தை விழுங்கினேனே, அது ஆசைதானே?"

"ஆம். அது தாகம் போன்றது. குடிக்கக் குடிக்க வளரும்."

"வெயில் சாயும்போது அவளிடம் போக இறக்கை எழுந்ததே, அதுவும் அதுதானா?"

விமலசேனர் உடைந்த பொந்தை நிமிர்ந்து பார்த்தார். "இல்லை" என்றார். "அது வேறு. அதை நான் விடச் சொல்லவில்லை."

"நீங்கள் ஒரே சொல்லைத்தானே சொன்னீர்கள்."

அன்று இரண்டையும் பிரித்துத் தம் பாலி மொழியில் இரண்டு பெயர் வைத்தார். தாகத்துக்குத் தண்ஹா என்றும், செய்ய வேண்டியதைச் செய்ய எழும் மனத்துக்குச் சந்தம் என்றும். அவன் கேட்டுக்கொண்டு பறந்து போனான்.

மறுநாள் வெயில் சாயும் நேரத்தில் திரும்பி வந்தான்.

"அவள் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இந்த நேரம் வந்தால் இறக்கை எழுகிறது. தொண்டையில் பழம் சேர்கிறது. இதற்கு என்ன பெயர்?"

விமலசேனர் யோசித்து, துணியில் ஏறிய சாயம் போல மனத்தில் ஏறுவது, அதன் பெயர் ராகம் என்றார். ஆண் இருவாச்சி கொஞ்சம் எண்ணிப் பார்த்து, "அது இல்லை, அடிகளே" என்றான். அடுத்த மாலை, விறகை விடாத நெருப்பின் பிடி, உபாதானம் என்றார். "கிட்டே வருகிறது. ஆனால் அது இல்லை." பிறகு பேராசையைக் குறிக்கும் லோபம் என்றார், விருப்பத்தைக் குறிக்கும் இச்சை என்றார், பசை போல ஒட்டும் சினேகம் என்றார். ஒவ்வொரு மாலையும் ஒரு சொல். ஒவ்வொன்றுக்கும் அவன் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, தொண்டையில் இருந்த பழத்தை மரத்தடியில் உமிழ்ந்துவிட்டுப் போனான்.

மழைக்காலம் தொடங்கியபோது அவன் வருவது நின்றது. விமலசேனர் மட்டும் மாலை தவறாமல் மரத்தடிக்கு வந்து, மேலே பார்த்து, அன்றைக்குக் கண்டுபிடித்த சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய சீடர்கள் அந்தச் சொல்லைத் தேடினார்கள், அவர்களுடைய சீடர்களும் தேடினார்கள்.

அன்று முதல்தான் பாலி மொழியில் ஆசைக்கு இத்தனை சொற்கள். ஒவ்வொன்றும் அந்தப் பறவைக்குச் சொல்லப்பட்டது, ஒவ்வொன்றும் போதாமல் போனது.