ஒப்புதல் வாங்கின ஆடு

முட்டாள்களைப் பார்க்க யாராவது ஆசைப்பட்டால் ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, "படம் வரையுற இருளப்பன் கொட்டகை எங்க இருக்கு?" என்று கேட்டால் போதும், நாலு பேரை ஒரே இடத்தில் பார்த்துவிடலாம். வழி சொல்கிற ஆள் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அதைக் கண்டுகொள்ள வேண்டாம். எங்களுக்குப் பழகிவிட்டது.

இருளப்ப மாஸ்டர்தான் எங்களுக்குத் தலைவர். கடைப் பலகை, சுவர் விளம்பரம், கட்சிக் கட்அவுட் எதுவானாலும் வரைவார். கோட்டைச்சாமி கோடு இழுப்பான். ஜெபமணி வர்ணம் கலக்குவான். நான் காசிமாயன், ஏணியைப் பிடித்துக்கொள்வேன். நாலு பேருக்கும் சேர்த்து யோசிப்பது மாஸ்டர். வந்த வம்பெல்லாம் அதனால்தான் வந்தது.

எங்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. சொன்னதைச் சொன்னபடி செய்வோம். அந்த நல்ல பழக்கத்தாலேயே ஒவ்வொரு வேலையாகக் கையைவிட்டுப் போனது. பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் ஒருத்தர் புதுச்சுவருக்கு வெள்ளையடித்து வைத்துக்கொண்டு, "'இந்தச் சுவரில் எதுவும் எழுதக் கூடாது'ன்னு பெரிசா எழுதிருங்க" என்றார். சுவருக்கு முன்னால் உட்கார்ந்து மத்தியானம் வரை யோசித்தோம். எழுதினால் அவர் சொன்னதை மீறினதாகும். எழுதாவிட்டாலும் அப்படித்தான். கடைசியில் மாஸ்டர் வழி கண்டுபிடித்தார். எதிர் வீட்டுச் சுவரில் எழுதிவிட்டு வந்தோம்.

எதிர் வீட்டுக்காரர் விறகுக்கட்டையோடு வந்தபோதுதான், ஜெபமணி இவ்வளவு வேகமாக ஓடுவான் என்பதே எங்களுக்குத் தெரிந்தது.

அன்றைக்கு மாஸ்டரின் வீட்டுக்காரி சீனியம்மா மதினி முடிவாகச் சொல்லிவிட்டார்.

"இன்னும் ஒரே ஒரு வேலை. அதுவும் ஊத்திக்கிச்சுன்னா பிரஷ்ஷை எல்லாம் அடுப்புல போட்ருவேன். நாலு பேரும் விருதுநகருக்குப் போயி எங்கண்ணன் புரோட்டாக் கடையில மாவு பிசைங்க."

சொன்னதோடு நிற்காமல், அந்த வேலைக்கு நாலு பிரஷ்ஷை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைக் கட்டாகக் கட்டி அடுப்பங்கரையில் விறகுக்குப் பக்கத்தில் வைத்தும்விட்டார். மாவு பிசைவதில் எங்களுக்கு ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை. ஆனால் மதினியின் அண்ணன் மாவைத் தூக்கிக் கல்லில் அடிக்கிற அடியை நாங்கள் பார்த்திருக்கிறோம். மாவுக்காக எங்களுக்கு முதுகு வலிக்கும்.

அந்த ஒரே ஒரு வேலை சென்னையிலிருந்து வந்தது. பிரியம்வதா என்று ஒரு பெண், காரில் வந்து இறங்கினாள்.

"விண்வெளிக் கதை ரசிகர்களெல்லாம் சேர்ந்து மாநாடு நடத்துறோம்ண்ணா. வாசல்ல பெரிய கட்அவுட் வேணும்."

"மாநாடா? எந்தக் கட்சிம்மா?" என்றார் மாஸ்டர்.

"கட்சி இல்லண்ணா. கேப்டன் நெமூரான்னு ஒரு தொடர்ல வர்றவங்க. ஸோர்க்கான்னு ஒரு கிரகத்துக்குத் தலைவி. பச்சை உடம்பு, மூணு கண்ணு, வெள்ளிக் கலர்ல பூட்ஸ்."

"தலைவின்னு சொல்றீங்க, கட்சி இல்லைங்கிறீங்க" என்று கோட்டைச்சாமி முணுமுணுத்தான்.

அந்தப் பெண் பொறுமைசாலி. நெமூராவின் படங்களைக் காட்டினாள். பிறகு விரலை நீட்டி எண்ணிச் சொன்னாள். "இது அமெரிக்காக் கம்பெனிக்குச் சொந்தமான உருவம். லைசென்ஸ் வாங்கித்தான் வரையிறோம். அதனால மூணு விஷயம். முதல்ல சின்னதா ஒரு மாதிரிப் படம் வரைஞ்சு, போட்டோ எடுத்து எனக்கு அனுப்பணும். கம்பெனி ஒப்புதல் தர்றதுக்கு முன்னாடி அது யார் கண்ணுலயும் படக் கூடாது. ரெண்டாவது, ஒப்புதல் வந்தப்புறம் ஒரு புள்ளி கூட்டவோ குறைக்கவோ கூடாது. மூணாவது, அனுமதி இல்லாம நகல் இருக்கவே கூடாது. எங்கயாவது நகல் இருக்கிறது தெரிஞ்சா அதுக்கப்புறம் வேலையே கிடையாது."

கார் போனதும் ஜெபமணி கேட்டான். "மாஸ்டர், யார் கண்ணுலயும் படக் கூடாதுன்னா, நம்ம கண்ணும் கண்ணுதானே?"

நாங்கள் ஆடிப்போனோம். அது யாருக்கும் தோன்றவில்லை.

"பார்க்காம எப்படிடா வரையிறது?" என்றேன்.

மாஸ்டர் ரொம்ப நேரம் தாடியைச் சொறிந்தார். "வரையும்போது பார்க்கலாம். அப்ப அது படமில்ல, வேலை. முடிஞ்சதும்தான் படம். படமானப்புறம் எவன் பார்த்தாலும் குத்தம்."

"முடிஞ்சுதா இல்லையான்னு பார்த்தாத்தானே தெரியும்?"

"நான் 'போதும்'னு சொல்லுவேன். சொன்னதும் எல்லாரும் கண்ணை மூடிக்கிடணும்."

அப்படியே செய்தோம். சார்ட் அட்டையில் நெமூரா தத்ரூபமாக வந்தாள். கடைசியாக பூட்ஸுக்குப் பளபளப்பு வைத்துவிட்டு மாஸ்டர் "போதும்" என்றார். நாலு பேரும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டோம். வெளிச்சத்துக்காக அட்டையைத் தடவித் தடவி வாசலுக்குக் கொண்டுபோய் வேப்பமரத்தில் சாத்தி வைத்தோம். ஜெபமணி கண்ணை மூடியபடியே செல்போனில் போட்டோ எடுத்தான். அனுப்பும்போது மட்டும் ஒரு கண்ணைத் திறந்து, படத்தின்மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டு அனுப்பினான். நாணயமான பையன்.

அப்புறம் அட்டையைத் தேடினால் காணோம். மரத்தடியில் மதினியின் வெள்ளாடு மைனா எதையோ மென்றுகொண்டு நின்றது. சினை ஆடு, எதைக் கண்டாலும் தின்னும். அதன் வாயோரம் பச்சையாக இருந்தது.

"நல்லதாப் போச்சு" என்றார் மாஸ்டர். "இனிமே யார் கண்ணுலயும் படாது."

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து பிரியம்வதா போன் பண்ணினாள். "ஒப்புதல் வந்துருச்சுண்ணா! நீங்க அனுப்பின படம் அப்படியே சரியாம். அதுல இருக்கிற மாதிரியே வரைங்க. ஒரு புள்ளி மாத்திராதீங்க!"

நாங்கள் முதல்முறையாகக் கண்ணைத் திறந்து அந்தப் போட்டோவைப் பார்த்தோம்.

நெமூரா இருந்தாள். பக்கத்தில் மைனா, அவளைவிட அரைச்சாண் உயரமாக நின்று, அவளுடைய இடது பூட்ஸைத் தின்றுகொண்டிருந்தது. மேல் மூலையில் பாதி வானத்தை மறைத்துக்கொண்டு ஜெபமணியின் கட்டைவிரல்.

"ஆட்டை விட்டுட்டு வரைவோம்" என்றேன்.

மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஏணிக்குப் பின்னால் போய்விட்டேன். "ஏய் காசிமாயா, ஒரு புள்ளி குறைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கு. இது எத்தனை புள்ளிடா? முழு ஆடு."

"என் விரலு?" என்றான் ஜெபமணி.

"அமெரிக்கா போயி ஒப்புதல் வாங்கிட்டு வந்திருக்கு. அதைக் குறைக்க நாம யாரு? வேலை முடியிற வரைக்கும் அந்த நகத்தை வெட்டாத."

வேலை தொடங்கியது. கட்அவுட் இரண்டு மாடி உயரம். மைனாவை மரத்தடியில் அதே இடத்தில் நிறுத்தி வைத்து வரைந்தோம். கடித்த பூட்ஸில் பல் பதிந்த இடம்கூடத் தப்பவில்லை. ஜெபமணி விரலை நீட்டியபடியே உட்கார்ந்திருக்க, விரல் ரேகையைக் கோட்டைச்சாமி ஒவ்வொன்றாக இழுத்தான்.

"சினை ஆட்டை மேய விடாம நிறுத்தி வச்சிருக்கீகளே, நல்லா இருப்பீகளா?" என்று மதினி கத்தினார்.

"அது இப்ப சாதாரண ஆடு இல்ல சீனி. லைசென்ஸ் ஆடு" என்றார் மாஸ்டர்.

மதினி விருட்டென்று திரும்பினார். அடுப்பங்கரைக்குப் போய், பிரஷ் கட்டை அடுப்புக்கு இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் நகர்த்தி வைத்தார். சத்தம் எங்களுக்குக் கேட்டது.

சென்னையில் மாநாட்டு மண்டப வாசலில் கட்அவுட்டை நிமிர்த்தினோம். வருகிற சனமெல்லாம் உடம்பு பூராவும் பச்சை அடித்துக்கொண்டு, நெற்றியில் மூன்றாவது கண் ஒட்டிக்கொண்டு வந்தது.

"மாஸ்டர், மஞ்சக் காமாலை கேள்விப்பட்டிருக்கேன். இது என்ன பச்சைக் காமாலை?" என்று கோட்டைச்சாமி பயந்துபோய் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

பிரியம்வதா வந்தாள். அண்ணாந்து பார்த்தாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணா... அந்த ஆடு?"

"ஒப்புதல் வாங்கின ஆடு தாயி."

"அந்த விரல்?"

"அதுவும்தான்."

செல்போனில் பழைய போட்டோவைத் தேடி எடுத்துப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "அன்னைக்கு இருந்த வேலையில நான் திறந்தே பார்க்காம அப்படியே கம்பெனிக்கு அனுப்பிட்டேனே!"

மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்களும் பார்க்கலையா? ஒப்புதலுக்கு முன்னாடி யாரும் பார்க்கக் கூடாதுங்கிறதைக் கடைசி வரைக்கும் காப்பாத்தியிருக்கீங்க தாயி."

அந்த நேரம் பார்த்துக் கம்பெனிக்காரர் வந்துவிட்டார். ஒட்டகம் மாதிரி நெட்டையான வெள்ளைக்காரர். எனக்குக் காதில் புரோட்டா மாவு அடிக்கிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. தொப்பு... தொப்பு...

ஆனால் அவருக்கு வழியே கிடைக்கவில்லை. கட்அவுட்டுக்கு முன்னால் அவ்வளவு கூட்டம்.

"இது இன்னும் வராத பாகத்துல வர்ற மிருகம்டா! கம்பெனி முன்கூட்டியே காட்டுது!" என்றான் தலையில் கொம்பு வைத்த ஒருவன்.

"அப்ப அந்த விரல்?"

"ஸோர்க்கா கிரகத்தைப் படைச்சவரோட விரல். ரேகையைப் பாரு, கோள்கள் சுத்துற பாதை!"

சிலபேர் விரலைப் பார்த்துக் கும்பிடவே செய்தார்கள். ஜெபமணி கூச்சப்பட்டுத் தன் விரலைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டான்.

வெள்ளைக்காரர் கூட்டத்தைப் பார்த்தார். ஆட்டைப் பார்த்தார். ஆட்டுக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு பிரியம்வதாவிடம் என்னவோ நிறையப் பேசினார். அவள் எங்களிடம் ஓடிவந்தாள்.

"தப்பிச்சோம்ண்ணா! அவருக்கு ரொம்பப் பிடிச்சிருச்சு. இனிமே இந்த ஆடும் கம்பெனிக்குச் சொந்தமான உருவம். அடுத்த வருஷமும் நீங்கதான் வரையணும். ஆனா மூணாவது விஷயம் ஞாபகம் இருக்கில்ல? நெமூரா மாதிரிதான் ஆடும். எங்கயும் நகல் இருக்கக் கூடாது."

"எங்க உசிரைக் கொடுத்தாவது பார்த்துக்கிறோம் தாயி" என்றார் மாஸ்டர்.

ஊருக்குத் திரும்பியபோது மதினி வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றார். "வாங்க வாங்க! மைனா ரெட்டைக் குட்டி போட்டிருக்கு. ரெண்டும் ஆத்தாளை உரிச்சு வச்ச மாதிரி."

மாஸ்டர் பையைக் கீழே போட்டார். "உரிச்சு வச்ச மாதிரின்னா?"

"அதே செவலை நிறம், அதே நெத்திச் சுட்டி. அச்சு அசல்."

"அனுமதி வாங்குச்சா?"

"யாருகிட்ட?"

"கம்பெனிகிட்ட."

"அதை அந்தக் கெடாகிட்டப் போயிக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு மதினி உள்ளே போய்விட்டார்.

மரத்தடியில் கூடினோம். ஒன்றில்லை, இரண்டு நகல். அதுவும் துள்ளிக் குதித்துத் தெருவுக்குப் போய் ஊருக்கெல்லாம் தன்னைக் காட்டிக்கொள்கிற நகல்.

"வேற கலர் அடிச்சிட்டா நகல் இல்லையே" என்றான் கோட்டைச்சாமி.

நாங்கள் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டோம். நெமூராவுக்கு நிறம் பார்க்க வாங்கின, தண்ணீரில் கரைகிற பச்சைச் சாயப்பொடி மிச்சம் இருந்தது. கரைத்து இரண்டு குட்டிக்கும் பூசினோம். அழகாகத்தான் இருந்தது. ஆனால் மைனா மோந்து பார்த்துவிட்டு, இதுகள் என் பிள்ளையே இல்லை என்று முட்டித் தள்ளியது. பால் இல்லாமல் குட்டிகள் கத்திய கத்தலில் மதினி விளக்குமாற்றோடு வந்தார்.

"ஆத்தாளுக்கும் பச்சை அடிச்சா, நம்ம சாதிசனம்னு சேர்த்துக்கிடும்" என்றான் ஜெபமணி.

மைனாவுக்கும் பூசினோம். தன் உடம்பிலும் அதே வாசனை வந்ததும் மைனா சமாதானமாகிவிட்டது. குட்டிகள் முட்டி முட்டிப் பால் குடித்தன. எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தைக் கோட்டைச்சாமிதான் கெடுத்தான்.

"மாஸ்டர்... மறுபடியும் மூணும் ஒரே மாதிரி இருக்கே."

மூன்றையும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தோம். மைனா பாட்டுக்கு அசை போட்டது.

"இதுக்கு மேல மறைக்க முடியாது" என்றார் மாஸ்டர். "உள்ளதைச் சொல்லி அனுமதி கேட்போம். இந்தத் தடவை கண்ணைத் திறந்துக்கிட்டே போட்டோ எடு. இது படமில்ல, ஆடுதான்."

மூன்றையும் நிற்க வைத்துப் போட்டோ எடுத்து, "நகல் தானாகப் பிறந்துவிட்டது, மன்னித்து அனுமதி தரவும்" என்று அனுப்பினோம். மாவு பிசைய வசதியாக இருக்கட்டும் என்று ஜெபமணி நகத்தைக்கூட வெட்டிக்கொண்டான்.

இரண்டு நாளில் பிரியம்வதாவின் குரல். சிரிப்புக்கு நடுவே பேசினாள். "அண்ணா, அந்த மூணு பச்சை ஆடு! கம்பெனிக்காரர் விழுந்து விழுந்து சிரிச்சாராம். அடுத்த வருஷ மாநாட்டு வாசல்ல கட்அவுட் இதேதான். ஒப்புதல் கொடுத்தாச்சு. இந்தப் போட்டோவுல இருக்கிற மாதிரியே இருக்கணும். எதையும் மாத்திராதீங்க!"

மதினி பிரஷ் கட்டை அடுப்பங்கரையிலிருந்து எடுத்துவந்து, முந்தானையால் துடைத்து மாஸ்டர் கையில் கொடுத்தார். கல்யாணத்துக்கு அப்புறம் அவர் மாஸ்டரைப் பார்த்துச் சிரித்தது அன்றைக்குத்தான். பணியாரம் சுட்டார். ஆளுக்கு ஒரு தட்டு.

நாங்கள் பணியாரத்தை வாயில் போட்டுக்கொண்டிருந்தபோது கோட்டைச்சாமி மரத்தடியிலிருந்து வந்தான். கையில் அளவு நாடா. முகத்தில் ரத்தமே இல்லை.

"மாஸ்டர், குட்டி ரெண்டும் போட்டோவுல இருக்கிறதைவிட ஒரு விரக்கடை கூடுதலா இருக்கு."

"நல்லா அளந்தியா?"

"ரெண்டு தடவை. வளருது மாஸ்டர்."

கையிலிருந்த பணியாரத்தை எல்லாரும் தட்டிலேயே வைத்துவிட்டோம். ஒரு புள்ளி கூட்டக் கூடாது என்றிருக்கிறது, இது முழுசாக ஒரு விரல் அகலம். உள்ளே மதினி பாட்டை முணுமுணுத்துக்கொண்டே அடுத்த ஈடு ஊற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு இன்னும் தெரியாது.

மாஸ்டர் தாடியைச் சொறிந்தார். "சரி. குட்டிக வளர்றதுக்கு அனுமதி கேட்டு இப்பவே அனுப்பு ஜெபமணி. டேய் கோட்டைச்சாமி, பதில் வர்ற வரைக்கும் வளரக் கூடாதுன்னு அதுககிட்டப் போயி பக்குவமாச் சொல்லிட்டு வா."

கோட்டைச்சாமி போனான். குத்தவைத்து உட்கார்ந்து ஒவ்வொரு குட்டியின் காதிலும் நேரம் எடுத்துப் பேசினான். திரும்பி வந்தபோது முகத்தில் கொஞ்சம் தெளிவு இருந்தது.

"சின்னது சரின்னு தலையாட்டிருச்சு மாஸ்டர். பெரிசுதான் ஆத்தாகிட்டக் கேட்டுட்டுச் சொல்றேங்குது."