மூன்றாவது ர

"கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்கான், டீச்சர்," என்றார் இஞ்ஞாசி.

திரும்பாதவன் அவருடைய பேரன் ஈகர். மூன்று வயது. மருமகனின் ஊரான ரஷ்யாவில் வளர்கிறான். ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் காட்டுவான். தாத்தா வாயைத் திறந்ததும் விளையாடப் போய்விடுவான்.

தூத்துக்குடியில் முப்பது வருஷம் மீன் ஏலம் கூவியவர் இஞ்ஞாசி. அவர் குரலுக்குத் திரும்பாத ஆளே கிடையாது. அதனாலேயே இது அவருக்குத் தாங்கவில்லை.

டெல்சி டீச்சருக்கு அவர் மகள் வயதுகூட இருக்காது. ரஷ்யாவில் படித்துவிட்டு வந்தவள். தன் வீட்டு மாடியில் ரஷ்ய மொழி சொல்லித் தருகிறாள்.

"எப்படிக் கூப்பிட்டீங்க, அண்ணாச்சி?"

"ஈகரு."

தெருவில் போன சைக்கிள் நின்றது.

"கடைசியில 'உ' வேண்டாம். ரஷ்ய மொழியில அந்தக் கடைசி ர மெல்லிசு."

"ஈகர்."

"இது கடினம்."

"ஈகர்யி."

"இது பின்னால ஒட்டுப் போட்டது."

"நம்மகிட்டதான் ரெண்டு ர இருக்கே. அதுல ஒண்ணு மெல்லிசுதானே?"

"அவங்க காதுக்கு ரெண்டுமே கடினம்தான்."

இஞ்ஞாசி வாயைப் பிளந்து கண்ணாடியில் பார்த்தார். அறுபத்திரண்டு வருஷமாக உள்ளே கிடக்கும் நாக்கு. அது எங்கெங்கே போய் வருகிறது என்று அவர் ஒருநாளும் விசாரித்ததில்லை.

"உங்க பேரைச் சொல்லுங்க," என்றாள் டெல்சி.

"அது எதுக்கு?"

"மெதுவாச் சொல்லுங்க. பாதியில நிறுத்துங்க."

"இஞ்..."

"நாக்கு எங்க இருக்கு?"

அவர் கண்ணை மூடித் தேடினார். கொஞ்ச நேரம் ஆனது.

"நடு நாக்கு எந்திரிச்சு மேல்வாயில ஒட்டிக்கிட்டு நிக்கு, டீச்சர்."

"அந்தப் பக்கத்துலயே வச்சுக்கிட்டுப் பேரனைக் கூப்பிடுங்க."

அந்த வாரம் முழுக்க இஞ்ஞாசி தன் பேரைத் தானே முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார். அவர் மனைவி ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

திங்கட்கிழமை மாடி ஏறி வந்தார்.

"திரும்பினானா?"

"திரும்பினான்."

"அப்புறம்?"

"நாக்கை இடத்துல வைக்கணும்லா? முதல்ல என் பேரை மெதுவாச் சொல்லிக்கிட்டேன். பெறவு அவன் பேரைச் சொன்னேன். பய ஓடி வந்து போன்ல மூஞ்சிய ஒட்டுனான். 'இஞ்ஞாசி'ன்னான்."

"தாத்தாவைப் பேர் சொல்லியா கூப்பிட்டான்?"

இஞ்ஞாசி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நாக்கு சரியான இடத்துல இருந்துச்சு, டீச்சர்."