தழும்புக்கு என்ன விலை?

நாகப்பட்டினம் நாணயக் கண்காட்சியில் பழங்காசு வியாபாரி தணிகாசலம் சொன்னதுதான் விலை. மீன் விற்கும் செம்பாயி, பாட்டன் பினாங்கிலிருந்து கொண்டுவந்த பழைய அமெரிக்க வெள்ளி டாலரை அவர் முன் வைத்தாள். அவர் அதை லென்ஸ் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்ததை அவள் கவனித்துவிட்டாள். அவரோ உதட்டைப் பிதுக்கினார்.

"அந்தக் காலத்துல சீன வியாபாரிங்க, வெள்ளி சுத்தம்தான்னு காட்ட முத்திரை குத்தியே காசோட மூஞ்சியைக் கெடுத்துட்டானுங்க. இந்தத் தழும்பெல்லாம் இல்லாம கொண்டா, நல்ல விலை தர்றேன். இல்லேன்னா வெறும் வெள்ளி விலைதான்."

"அவ்வளவுதானே!" காசைப் பிடுங்கிக்கொண்டு எதிர்க்கடை நகை ஆசாரியிடம் ஓடினாள் செம்பாயி. "அண்ணே, இதை வழவழன்னு ராவிக் குடுங்க!"

ஆசாரி அரத்தை எடுத்ததுதான் தாமதம், செருப்பைக்கூட மாட்டாமல் பாய்ந்து வந்தார் தணிகாசலம்.

"ஐயையோ, தொடாதே! அந்த முத்திரைக்குத்தான்யா மதிப்பே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. செம்பாயி காசை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அப்போ தழும்புக்கு என்ன விலைன்னு முதல்ல சொல்லுங்க ஐயா. காசுக்கு அப்புறம் பேசிக்கலாம்."