பதின்மூன்றாவது பங்கு

அந்தக் காலத்தில், விலங்கும் பறவையும் வாய் திறந்து பேசி, பேரமும் பேசித் திரிந்த நாட்களில், காட்டுக்கு ஒரு சட்டம் இருந்தது. கிடைத்ததை வந்தவர்கள் எல்லோரும் சமமாகப் பங்கு போட வேண்டும். மிச்சம் விழுந்தால் ஒன்றையும் தொடக்கூடாது. மிஞ்சிப்போன ஒரே ஒரு துண்டுக்காக இரண்டு கரடிகள் அடித்துக்கொண்டு செத்த பிறகு வந்த சட்டம் அது. தனியாக வந்து தின்கிறவனுக்குத் திருடன் என்று பெயர். அவனை யார் வேண்டுமானாலும் கடித்துக் குதறலாம்.

கோழிகள் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். பன்னிரண்டு போல இளகிய எண் கிடையாது. இரண்டு பேர் வந்தாலும் பிரிந்து கொடுக்கும், மூன்று பேருக்கும் கொடுக்கும், நான்கு பேருக்கும் ஆறு பேருக்கும் கொடுக்கும்.

செம்மி என்ற சிவப்புக் கோழி அப்படித்தான் முதல் அடையை இழந்தாள். நரி மூன்று பேரைக் கூட்டிவந்து ஆளுக்கு மூன்றாகத் தூக்கிப் போனது. ஒற்றைப்படையாக இருந்தால் தப்பும் என்று அடுத்த தடவை ஒன்பதோடு நிறுத்தினாள். நரி இரண்டு பேரோடு வந்தது. அப்போதும் ஆளுக்கு மூன்று.

மூன்றாவது தடவை செம்மி பன்னிரண்டில் நிற்கவில்லை. இன்னும் ஒன்று இட்டாள்.

"பதின்மூன்றா? மூடுவதற்கு உனக்குச் சிறகு ஏதடி?" என்றது பக்கத்துப் புதர் வாத்து.

"நீட்டிக்கொள்கிறேன் அக்கா. வலித்தால் வலிக்கட்டும்."

குஞ்சு பொரிக்கும் நாள் நெருங்கியபோது நரி கீரியோடு வந்தது. "என்ன தங்கச்சி, எங்களுக்காக மறுபடியும் சிரமப்பட்டிருக்கிறாய் போல."

ஆளுக்கு ஆறு என்று கணக்குப் போட்டார்கள். ஒன்று மிஞ்சியது. உடும்பை அழைத்தார்கள். ஆளுக்கு நான்கு, ஒன்று மிச்சம். காட்டுப்பூனை வந்தது, அப்போதும் ஒன்று. ஐந்தாவதாகப் பாம்பு வந்ததும் மூன்று மிஞ்சியது. ஆள் கூடக்கூட மிச்சம் கூடியது, குறைந்தது, ஒழியவே இல்லை. கடைசியில் பன்னிரண்டு பேர் நின்றார்கள். முட்டை தின்கிற வாய் அந்தக் காட்டில் அவ்வளவுதான். அப்போதும் ஒன்று மிச்சம்.

"எவன்யா இந்த எண்ணைக் கண்டுபிடித்தான்?" என்று சலித்துக்கொண்டது உடும்பு.

நரி செம்மியின் அருகில் வந்து குரலைத் தாழ்த்தியது. "பதின்மூன்றாவது ஆளாக நீயே இருந்துவிடேன். உன் பங்குக்கு ஒன்று. பத்திரமாகப் பொரித்து வளர்த்துக்கொள். யாரும் தொட மாட்டோம். ஒன்றுமே இல்லாததற்கு ஒன்று மேல் இல்லையா?"

செம்மி சிறகை இன்னும் இறுக்கி மூடினாள். வயிற்றுக்கடியில் ஒரு முட்டைக்குள் ஏதோ தட்டுவது தெரிந்தது. ஒன்று. முன்பு இரண்டு தடவையும் அதுகூட மிஞ்சவில்லை.

"நடுங்கிக்கொண்டே சொல்கிறேன், கேட்டுக்கொள்," என்றாள். "எது பிழைக்கட்டும் என்று நான் பொறுக்கி எடுக்கணுமா? மற்றதையெல்லாம் உங்களுக்குப் பங்கு வைத்தவள் முகத்தை அது தினமும் பார்த்து வளரணுமா? நான் உங்கள் கூட்டத்தில் சேர மாட்டேன். பதின்மூன்றும் என்னுடையது."

நரி பல்லைக் காட்டிப் பாய்ந்தது. கீரி அதன் கழுத்தைக் கவ்வியது. "பங்கில்லாமல் தொட்டால் நீ திருடன். தெரியும்தானே?" பாம்பும் படமெடுத்தது. ஒருவரை ஒருவர் நம்பாத பன்னிரண்டு பேரும் அடுத்தவர் முட்டையைத் தொடாமல் பார்த்துக்கொண்டு பொழுது விடியும்வரை காவல் நின்றார்கள். விடிந்ததும் பதின்மூன்று ஓடுகளும் உடைந்தன. குஞ்சும் பதின்மூன்றுதான், அப்போதும் பங்கு பிரியவில்லை. செம்மி குஞ்சுகளை நடத்திக்கொண்டு அவர்கள் நடுவிலேயே புகுந்து போனாள்.

அன்று முதல்தான் பதின்மூன்று ராசியில்லாத எண் என்ற பேச்சு ஊரெங்கும் கிளம்பியது. கிளப்பிவிட்டது நரி. கோழியை அடை வைக்கிறவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.