பெரிய ராஜா நாள்

ஒரே ஒரு நாட்டில் ஒரே ஒரு ராஜா இருந்தான். செங்கீரன் என்று பேர். குறை என்று பார்த்தால் அவனுக்கும் ஒன்றே ஒன்றுதான்.

அதைச் சொல்ல, ஆற்றங்கரையில் இருந்த குரு அம்பலத்தாடியிடம் தனியாக நடந்தே வந்தான்.

அன்று அவன் தாத்தா பேரில் நாடே கொண்டாடும் பெரிய ராஜா நாள். சுமக்கிறவர்கள் உட்கார வேண்டும், உட்காருகிறவர்கள் சுமக்க வேண்டும். அதுதான் வழக்கம். பல்லக்குத் தூக்கிகள் பல்லக்குக்குள் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்கள்.

"தாத்தா போய் முப்பது வருஷம் ஆச்சு, சாமி. இன்னும் அவர் நாள்தான். அது அவர் பிறந்த நாளும் இல்லை, முடிசூடின நாளும் இல்லை. ஏடெல்லாம் புரட்டியாச்சு. எனக்கப்புறம் என்னை யார் நினைப்பாங்க?"

இடுப்பிலிருந்து ஒரு பட்டுத்துணியை எடுத்து நீட்டினான். இனி செங்கீரன் பிறந்த நாளே பெருநாள் என்று எழுதியிருந்தது. முத்திரை மட்டும் பாக்கி.

குரு படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"அக்கரைக்குப் போகணும். வா."

பரிசலில் பரிசல்காரி பூவாத்தா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தலையில் துண்டு சுற்றி வந்தவன் யாரென்று அவளுக்குத் தெரியாது. துடுப்பை அவனிடம் கொடுத்துவிட்டாள்.

பரிசல் நின்ற இடத்திலேயே சுற்றியது.

"என்ன தம்பி, களி கிண்டுறீங்களா?"

குரு அவளிடம், இந்த வழக்கம் எப்படி வந்தது தாயி என்று கேட்டார்.

பூவாத்தா சொன்னாள். அவள் அம்மாவும் பரிசல்காரிதான். நிறைமாசத்தில் ஒருநாள் யாரோ ஒருத்தரை ஏற்றிக்கொண்டு போனாளாம். நட்டாற்றில் வலி கண்டுவிட்டது. அந்த ஆள் துடுப்பை வாங்கிக்கொண்டார். போடத் தெரியவில்லை. பரிசல் சுற்றோ சுற்றென்று சுற்றியது. கரை சேருமுன் பிள்ளை பிறந்துவிட்டது.

"தன் துண்டிலே என்னைச் சுத்தி அம்மா மடியிலே வச்சாராம். அவர் கை ரெண்டும் புண்ணாம். பெரிய ராஜான்னு அப்புறந்தான் தெரிஞ்சுது. மறு வருஷம் அதே நாளிலே முரசு அடிச்சாங்க, இன்னிக்குச் சுமக்கிறவங்க உட்காரட்டும்னு."

செங்கீரன் கை நின்றது.

"அப்போ இன்னிக்கு..."

"எனக்குப் பொறந்த நாள். துடுப்பைப் போடுங்க தம்பி, ஆறு இழுக்குது."

அக்கரை சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அவன் உள்ளங்கையில் கொப்பளம் உடைந்திருந்தது. பூவாத்தா கையைப் பிடித்துப் பார்த்தாள். துணி ஏதாவது இருந்தால் சுற்றிக்கொள்ளச் சொன்னாள்.

அவன் குருவைப் பார்த்தான். குரு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செங்கீரன் இடுப்பில் செருகியிருந்த பட்டுத்துணியை உருவினான். எழுத்து உள்பக்கம் போக, கையில் சுற்றினான்.

"நல்ல பட்டாச்சே, தம்பி."

"இருக்கட்டும்க்கா."

முடிச்சை அவள்தான் போட்டுவிட்டாள்.

"அடுத்த வருஷமும் வாங்க. அதுக்குள்ள நேராப் போடப் பழகிக்கங்க."

சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மேடேறிப் போனாள்.