உறைமோரும் மிளகாய்க் காம்பும்

முகிலூர் என்று ஒரு மலையூர். அங்கே மேகங்கள் வாசல் வழியாக வந்து, அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டு, ஜன்னல் வழியாகப் போய்விடும். யாரும் விரட்டுவதில்லை. அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. அங்கே நடந்த வழக்கு மட்டும் நன்றாகத் தெரியும், அதைச் சொல்கிறேன்.

முகிலூர்க் கணினிகள் எல்லாம் ஒரு காலத்தில் வெளியூரில் வாங்கிய இயங்குதளத்தில்தான் ஓடின. கணினி கண் விழிப்பதும், நாம் எழுதியதைக் காப்பதும், அனுப்புவதும் அதன் தயவு. உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்க வழியில்லை. ‘பெரிய இடத்துச் சரக்கு, கோளாறு ஒன்றும் இருக்காது’ என்று ஊரே நம்பியது. கடைசியில் பார்த்தால், ஊரார் எழுதிய கடிதங்களையெல்லாம் அது நகல் எடுத்து யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது! பிரிந்துபோன கணவனுக்கு எழுதி, அனுப்ப மனம் வராமல் பவளக்கொடி வைத்திருந்த கடிதம்கூடப் போய்விட்டது. அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அழுது முடித்ததும் அவள் ஊரைக் கூட்டினாள். “நமக்கு நாமே ஒண்ணு கட்டுவோம். யார் வேணும்னாலும் படிக்கக்கூடிய மூலநிரல்லேருந்து கட்டுவோம். வெளியேருந்து ஆயத்தமா வந்த துண்டு ஒண்ணுகூட உள்ளே இல்லைன்னு யார் காட்டுறாங்களோ, அவங்க வைக்கிறதுதான் பேரு. கணினி விழிக்கிறப்பல்லாம் அந்தப் பேருதான் முதல்ல தெரியும்” என்றாள்.

எதற்கு முன் எதைக் கட்டுவது என்று பவளக்கொடியே வரிசைப்படுத்தினாள். எல்லாம் வரிசைக்கு வந்தன, கம்பைலர் மட்டும் முரண்டு பிடித்தது. மனிதர் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும் எண்களாக மாற்றித் தருவது கம்பைலர். அந்தக் கம்பைலரும் மனிதர் எழுதிய நிரல்தான். அதை மாற்ற இன்னொரு கம்பைலர் வேண்டும். தயிர் தோய்க்கத் தயிர் வேண்டும் அல்லவா, அதே கதை.

ஊரில் நிரல் எழுதும் ஜெபராஜுக்குக் கை துறுதுறுவென்று இருக்கும். “உன் பேரைத்தாண்டா செல்லம் வைக்கப் போறேன்” என்று மகள் எஸ்தரிடம் சொல்லிவிட்டான். அவள் அதைத் தோழிகளிடம் சொல்லி, வீட்டுக்குள் வந்துபோகும் மேகங்களிடமும் சொல்லிவிட்டாள். ஆகவே அவன் தாமதிக்கவில்லை. பக்கத்து ஊரில் ஆயத்தமான கம்பைலர் ஒன்றை உறைமோர் மாதிரி இரவல் வாங்கினான். அதை வைத்து மூலநிரலிலிருந்து புதுக் கம்பைலரைக் கட்டினான். அந்தப் புதியதை வைத்தே மறுபடியும் அதைக் கட்டினான். இரவல் வாங்கியதை அழித்துவிட்டு, மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கட்டி முடித்தான். திரையில் எழுத்துகள் மலையேறும் பனிபோல மேலே மேலே போவதை ஊரார் வாய் பிளந்து பார்த்தார்கள்.

தஸ்லிமாவுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. அவளும் நிரல் எழுதுபவள்தான். “ஜெபண்ணே, வாங்கின மோர் புளிச்சிருந்தா நம்ம தயிரும் புளிக்கும். எத்தனை தடவை தோய்ச்சாலும் அந்தப் புளிப்பு கூடவே வரும். வாங்கின கம்பைலர்ல திருட்டு ஏதாவது ஒளிஞ்சிருந்தா, அது கட்டுறதுக்குள்ளேயும் நுழைஞ்சிடும்.”

“உறையே இல்லாம நீ எப்படித் தோய்ப்பே?”

“மிளகாய்க் காம்பு போட்டுத்தான்!”

வீட்டில் மோர் இல்லாத நாளில் வெதுவெதுப்பான பாலில் காம்பைக் கிள்ளிப் போடுவார்களே, அதைத்தான் சொன்னாள். கணினிக்குப் புரியும் எண்களைத் தன் கையாலேயே எழுதி, அரைகுறையாய் ஒரு குட்டிக் கம்பைலர் செய்தாள். அதை வைத்து இன்னும் கொஞ்சம் பெரியது, அதை வைத்து இன்னொன்று. ஊரார் கேலி செய்தார்கள். ஜெபராஜ் முழு இயங்குதளத்தையும் கொண்டுவந்து வைத்தபோது அவள் பாதிக் கம்பைலரில் நின்றாள்.

“வெளியேருந்து வந்தது ஏதாவது உள்ளே இருக்கா தம்பி?” என்று பவளக்கொடி கேட்டாள்.

“இருக்காதுக்கா. வாங்கினதைத்தான் அப்பவே அழிச்சிட்டேனே.”

தஸ்லிமா முடிக்கட்டும் என்று பவளக்கொடி காத்திருந்தாள். மழை வந்து போனது, மறுபடி வந்தது. ஒருநாள் தஸ்லிமா, ஜெபராஜ் எடுத்த அதே மூலநிரலிலிருந்து தன் கம்பைலரையும் கட்டிக் கொண்டுவந்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணுக்கு எண் ஒப்பிட்டார்கள். இம்மி பிசகவில்லை.

“இல்லக்கா” என்றாள் தஸ்லிமா. “இருந்திருந்தா, வெறுங்கையில தொடங்கின என்னோடதோட ஒத்துப்போயிருக்காது. அண்ணன் கட்டினதுல வெளிச்சரக்கு எதுவும் இல்ல. சுத்தம்.”

ஜெபராஜ் துள்ளிக் குதித்தான். “அதைத்தானே நான் அன்னைக்கே சொன்னேன்! முழுசாக் கட்டினதும் நான்தான். பேரு என் மகளுக்கு!”

“கம்பைலரைத் தவிர நான் எதையும் கட்டலை, வாஸ்தவம். ஆனா பேரு நான்தான் வைக்கணும்” என்றாள் தஸ்லிமா.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். பெயர் வைக்கும் உரிமை இவர்களில் யாருக்கு?

விடை: தஸ்லிமாவுக்குத்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கும் ஜெபராஜைப் பிடிக்கும். அவன் உழைப்பில் குறையில்லை, சரக்கிலும் குறையில்லை. ஆனால் பவளக்கொடி கேட்டது ‘இல்லை’ என்று காட்டுகிற ஆளை. அவன் சொன்னதோ ‘இருக்காது’. ஒருவரை நம்பி ‘இருக்காது’ என்று சொல்லிவிடலாம். ‘இல்லை’ என்று சொல்வதற்கோ கண்ணால் பார்த்திருக்க வேண்டும். ‘இருக்காது’ என்று நம்பித்தானே முகிலூர் ஒருமுறை மானம் கெட்டது? தஸ்லிமா ‘உறைமோர்’ என்று பெயர் வைத்தாள். இனி எந்த ஊரார் கிண்ணத்தோடு வந்தாலும் கொடுப்போம் என்றாள். ஜெபராஜ் வீடு திரும்பியபோது எஸ்தர் வாசலில், இடுப்பளவு மேகத்துக்குள் நின்றிருந்தாள். “என் பேரு இருக்காப்பா?” என்று கேட்டாள். ‘அடுத்ததுல இருக்கும்’ என்ற சொல் அவன் வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டான். “இல்லம்மா” என்றான். அவள் அவன் முகத்தையே பார்த்துவிட்டு அழுதாள். அவனும் அவளைத் தூக்கிக்கொண்டு அழுதான்.